ஆடியும் வேண்டாம், மார்கழியும் வேண்டாம்

அண்ணா,

உன் காத்தாடிப் பை நாறுகிறது. ரப்பர் வாடை, அதற்கு மேல் பாச்சா உருண்டை வாடை. இன்று காலை அண்ணி கடலூரில் பஸ் ஏறி, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு வந்து, என் மருந்துக்கடை மேசைமேல் வைத்தார். "பரண் மேல கெடந்துது. இது ஒனக்குத்தாம்மா" என்றார். வெளியே ஆடிக் காற்று தெருவில் கிடந்த கேரி பைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு போனது. மூன்று வருஷம் நாம் காத்திருந்த அதே காற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அழுகிறேன் என்று நினைக்காதே. அதெல்லாம் சித்திரையில், உன்னை எடுத்துக்கொண்டு போனபோதே அழுது முடித்துவிட்டேன். இது வேறு.

தேவனாம்பட்டினம் பீச்சில்தான் ஆரம்பித்தது. பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒருவன் தண்ணீருக்கு மேலே பெரிய காத்தாடியை விட்டு, அதன் கயிற்றை இடுப்பில் கட்டியிருந்த பட்டையில் மாட்டிக்கொண்டு, காலில் ஒரு பலகையோடு அலைமேல் வழுக்கிக்கொண்டு போனான். திடீரென்று ஆள் உயரத்துக்கு எழும்பினான். உன் கையில் இருந்த சுண்டல் பொட்டலம் அப்படியே சாய்ந்து மணலில் கொட்டியது. "பாப்பா, ஒரு தபாவாச்சும் இத பண்ணிப் பாத்துடணும்" என்றாய். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது, உனக்குத் தாண்டியிருந்தது. இருவருக்கும் அந்த வயது நினைவுக்கே வரவில்லை.

அப்புறம் நீ போட்ட திட்டம் இருக்கிறதே! ராமேஸ்வரம் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாய். அங்கே இருக்கும் கோச்சுக்கு போன் போட்டு, பத்தே நிமிஷத்தில் அவரை மச்சான் ஆக்கிக்கொண்டாய். எந்த ரயில், எந்த லாட்ஜ், மத்தியானம் எங்கே மீன் சாப்பாடு, எல்லாம் முடிவாகிவிட்டது. மஞ்சக்குப்பத்தில் உன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ராமேஸ்வரத்தில் காற்று எப்படி என்று போனில் பார்த்து எனக்குச் சொல்வாய். கடையில் கூட்டம் நிற்கும். "அண்ணா, வைக்கிறியா?" என்பேன். "இன்னிக்கு காத்து ஜாஸ்தி பாப்பா" என்று சொல்லாமல் நீ வைத்ததில்லை.

அங்கே நல்ல காற்று ஆடியில் அடிக்கும். விட்டால் மார்கழியில் அடிக்கும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை என்றால் கடலூர்க்காரர்களுக்குப் புயலை நினைக்கவே நேரம் சரியாக இருக்கும். நம் வீட்டிலோ ஆடியிலும் மார்கழியிலும் புதிதாக ஒரு துடைப்பம்கூட வாங்கமாட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டாய் நீ.

முதல் ஆடியில் டிக்கெட் போடப் போகும் நேரத்தில் போன் செய்தாய். "பாப்பா, ஒங்க அண்ணி ஒத்துக்க மாட்டேங்குது. ஆடியில புதுசா எதுவும் ஆரம்பிக்கக் கூடாதாம்."

"ஆடிப் பதினெட்டுக்கு ஊரே கொள்ளிடத்துல எறங்குது. நாம எறங்குனா மட்டும் இன்னாவாம்?"

"எங்கிட்ட கேட்டா? அதுங்கிட்டதான் கேக்கணும். வேணாம், நீ கேக்காத. சண்ட வந்துடும்."

மார்கழி வந்தது. "ஒங்க அண்ணி வேணாங்குது." மறுபடி ஆடி. மறுபடி மார்கழி. மூன்றாம் வருஷமும் அதே பதில்தான். ராகு காலம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவன் நீ. உன்னைப் போய் ஒரு பெண் இப்படி மாதம் சொல்லி மடக்கி வைத்திருக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. உங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்தினேன். கல்யாணம், காதுகுத்தில் பார்த்தால் "வாங்க அண்ணி", அதோடு சரி. பெரியம்மாவுக்கு இது போதாதா? "வந்தவ வெச்சதுதான் அங்க சட்டம்" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்தாள். அண்ணி ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. பேசாததையே திமிர் என்றோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வந்துவிடுவேன். கரையிலேயே கை பழகட்டும் என்று நீ வாங்கிய சின்னக் காத்தாடி. அது நேராகப் போய் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் நடுவில்தான் விழும். ஓடிப்போய் எடுப்பது நான், அவர்களிடம் பேச்சு வாங்குவதும் நான். நீ புல்லில் உட்கார்ந்துகொண்டு, "கயிறு சிக்கு எடுக்கறேன், நீ ஓடு" என்பாய். சோம்பேறி என்று திட்டுவேன். சிரித்துக்கொண்டே இந்தப் பையின் பக்க அறையில் கையை விட்டுத் துழாவி எதையோ வாயில் போட்டுக்கொள்வாய். ஒரு முறை "எனக்கு?" என்று கையை நீட்டினேன். "பெப்பர்மின்ட்டு. தீந்துபோச்சு" என்றாய்.

இன்று அந்தப் பக்க அறையில் கையை விட்டேன். ஒரு மாத்திரை அட்டை. பாதி காலி.

பெயரைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷமாக விற்கிறேன். நெஞ்சு அடைக்கும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை. பெரியம்மாவின் சுகர் மாத்திரை என் கடை. சித்தப்பாவின் பிரஷர் மாத்திரை என் கடை. உன் மாத்திரை மட்டும் ஏதோ ஒரு கடை.

அண்ணி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"மொத ஆடிக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரு" என்றார். "இதயத்துல அடைப்பு, ஆபரேஷன் பண்ணணும், தண்ணி பக்கமே போவக் கூடாதுன்னு. ஆபரேஷனுக்கு பயந்துக்கினு தள்ளிப் போட்டுக்கினே இருந்தாரு. ஒங்கிட்ட சொல்லிடலாம்னு நான் எத்தனையோ தபா சொன்னேன். 'பாப்பாவுக்குத் தெரிஞ்சா காத்தாடியத் தொட மாட்டா. நீ வேணாம்னதா இருக்கட்டும், அவ ஒம்மேல கோவப்பட்டுட்டுப் போறா'ன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கினாரு."

சித்திரையில் அன்று ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்தவன் நீ, அப்புறம் எழுந்திருக்கவில்லை. "திடீர்னு போயிட்டாரு" என்று கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேனே. திடீரென்றா போனாய்? மூன்று வருஷம் என் கண்ணுக்கு முன்னால், கயிற்றுச் சிக்கு எடுத்துக்கொண்டே போயிருக்கிறாய்.

பயமாக இருந்தது என்று சொல்லியிருந்தால் உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்திருப்பேன். அது உனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்டை என்றால் உலகத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அதில் ஒளிந்துகொண்டாய். கட்டிக்கொண்டு வந்தவளைச் சொந்தபந்தம் மொத்தமும் ஏசியது, நீ காற்று பார்த்துக்கொண்டிருந்தாய். எப்படி அண்ணா சோறு இறங்கியது உனக்கு?

அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அண்ணிதான் பேசினார்.

"காத்து வந்துடுச்சு. எப்ப போறே?"

"வருஷம் திரும்பலையே அண்ணி."

"ஆடி வேணாம், மார்கழி வேணாம், இப்ப வருஷமும் திரும்பணுமா? இன்னும் எத்தன மாசத்த ஒதுக்கறது? நானும் வரேன். நீ தண்ணியில எறங்கு, நான் கரையில ஒக்காந்துக்கறேன். எதுக்காவ இத்தன பேச்சு வாங்கினேன்னு நான் ஒரு தபா கண்ணால பாக்க வேணாமா?"

அங்கேயே அவரை உட்கார வைத்து, உன் மச்சான் கோச்சுக்கு போன் போட்டேன். நீ இல்லை என்பது அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. "அண்ணன் வராரா?" என்று கேட்டார். அண்ணிதான் போனை வாங்கிச் சொன்னார். அடுத்த வாரம் கிளம்புகிறோம். மாத்திரை அட்டையை அதே பக்க அறையில் திரும்ப வைத்திருக்கிறேன். அதைத் தூக்கிப்போட எனக்குக் கை வராது, உன்மேல் இருக்கும் கோபத்தையும்தான்.

சாயந்திரம் பெரியம்மா போன் செய்தாள். எப்படித்தான் சேதி போகிறதோ!

"ஆடி மாசத்துல, வருஷம் கூட திரும்பாம, பொம்பளைங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போறீங்களாமே? இன்னாடி இது? யார் சொன்னது? ஒங்க அண்ணி வேலையா?"

"இல்ல பெரியம்மா" என்றேன். "எங்க அண்ணன் சொன்னது. ஆடியிலதான் போவணும்னு சொல்லிட்டுப் போச்சு. அண்ணி பாவம், வேணாம்னுதான் சொன்னாங்க. அண்ணன்தான் கேக்கல."

பெரியம்மா போனை வைத்துவிட்டாள். நீ சொன்னது என்றால் அப்புறம் யார் என்ன சொல்ல முடியும்?

இனி எல்லாம் உன் தலையில்தான். முடிந்தால் வந்து இல்லை என்று சொல்.

பாப்பா