உறவு என்ற கட்டத்தில்

கணபதி, கோவை
9.8.1995

கோபம் இல்லை, ஆசிப். பொறாமை. நீ கேட்டதால் சொல்கிறேன். கேட்காமல் இருந்திருந்தால் நானாக எழுதியிருக்க மாட்டேன்.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் தங்கை ஷைமாவும் அவன் அருளால் நலம், நீ இருக்கும் தண்ணீர் வரைக்கும் அந்த அருள் எட்டட்டும். முதலில் எழுத வேண்டியது இதுதான், கை வேறொன்றை முந்தி எழுதிவிட்டது. அத்தாவின் லேத் பட்டறையில் வேலை பரவாயில்லை, கரண்ட்தான் சொன்னபடி வருவதில்லை. ஷைமா சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் வாதாடுகிறாள்.

உன் கை எப்படி இருக்கிறது? விரல்களை முழுதாக மடக்க முடிகிறதா? எஞ்சின் அறையில் நீராவிக் குழாய் பக்கம் போகும்போது கையுறை இல்லாமல் போகாதே. ஃபிட்டர் வேலைக்குக் கப்பலுக்குப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை டர்பன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தது, காம்பவுண்டில் எனக்கு முன்பே இன்னொருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

கப்பல் கம்பெனியின் பாரத்தை நீ நிரப்பிய விதம் உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. நம் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னத்தின் நம்பரைத்தான் எல்லோருக்கும் பி.பி. நம்பர் என்று கொடுக்கிறோம், அத்தாவின் பட்டறைக் கார்டில்கூட அதுதான். நெருங்கிய உறவினர் பேர் என்ற இடத்தில், போனை எடுக்கப் போகிறவள் அவள் என்று ஜன்னத் பேரை எழுதினாய். உறவு என்ற கட்டத்தில், கூப்பிட வேண்டியது என்னை என்று அம்மா என்று எழுதினாய். ஒரே வரியில் இரண்டு பெண்கள். கம்பெனிக்காரன் ஒருத்தி என்று படித்தான். அவன்மேல் என்ன தப்பு?

ஜூன் மாதம் உன் கையில் காயம் என்று பம்பாய் கம்பெனியிலிருந்து போன் வந்தது காலை பதினொன்றுக்கு. ஜன்னத் என்னிடம் வந்து சொன்னது மூன்றுக்கு. அந்த நாலு மணி நேரம் அவள் உனக்குத் தாயாக இருந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ பாட்டுகூட முனகினேன் என்று நினைவு.

அவளுக்கு இந்தி தெரியும், பம்பாயில் இரண்டு வருஷம் குடியிருந்தவள். அவள் வீட்டில் பிள்ளை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்தும் எரிகிறது. குழாயடியில் எதிர் வீட்டுப் பாவாத்தாள் என் குடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, “ஏனுங்க ஜன்னத்தம்மா, உங்க கப்பல்காரப் பையன் எப்ப வாரானுங்க?” என்று கேட்கிறாள். இவள் சிரிக்கிறாளே தவிர, என்னைக் காட்டி, ரம்லாக்கா பையன் என்று திருத்துவதில்லை. குடம் நிறைவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஷைமா கல்லூரியிலிருந்து வணிகக் கப்பல் சட்டப் புத்தகத்தை எடுத்து வந்தாள். 1958ஆம் வருஷத்தது. அகராதியோடு மூன்று மத்தியானம் உட்கார்ந்தேன், பி.யு.சி. படிப்பு அவ்வளவுக்குத்தான் உதவியது. கப்பலில் ஒருவனுக்கு நோய் வந்தாலும் காயம் பட்டாலும் கேப்டன் ஏட்டில் எழுத வேண்டும். நடுக்கடலில் குழந்தை பிறந்தாலும் எழுத வேண்டும். மாலுமிக்கு ஒன்று ஆகிவிட்டால், அல்லாஹ் காப்பாற்றட்டும், அவன் பெட்டியும் துணியும் பொறுப்பாக ஒப்படைக்கப்பட வேண்டும். அவன் நியமித்து எழுதிக்கொடுத்த ஆளுக்கு. குடும்பம் உள்ளவன் குடும்பத்தில் ஒருவரைத்தான் எழுத வேண்டும் என்று ஷைமா ஒரு வரியைக் காட்டினாள். சட்டத்துக்குக்கூடத் தெரிகிறது.

அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி இருந்தேன். உன் நீலச் சட்டையை ஜன்னத் கை நீட்டி வாங்குவது போல் தோன்றியது. நினைக்கவே கூடாதது. அப்போதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மாற்று. இருபதாம் தேதி பம்பாயில் கப்பல் நிற்கும், அதிகாரி முன்னால் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதியிருந்தாய். அப்போது கேட்டு, எந்தெந்தக் காகிதத்தில் அவள் பேர் இருக்கிறதோ எல்லாவற்றிலும் என் பேரை எழுது. நம்பரும் வேண்டாம். தந்தி வரட்டும். ஒரு நாள் பிந்தினாலும் என் கையில் வரட்டும். அத்தா இதைக் கேட்டுவிட்டு, “அவசரத்துக்கு என்ன பண்றது ரம்லா? பொறாமைய வெச்சு போன் பேச முடியுமா?” என்றார்.

வேளைக்குச் சாப்பிடு. தொழுகையை விடாதே. புண் ஆறிய இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவு. இருபதாம் தேதியை மறக்காதே. உன் ஆயுள் நீளட்டும், உன் கப்பல் எந்தக் கரைக்குப் போனாலும் உன்னைத் திருப்பிக் கொண்டுவரட்டும்.

உன் அம்மா,
ரம்லா

பத்தாம் தேதி, காலை. உறையை ஒட்டுவதற்கு முன் ஜன்னத்திடம் போனேன். முகத்துக்கு நேரே சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் எழுதி அனுப்ப மனம் வரவில்லை. பேரை எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “போனுல அம்மாவான்னு கேட்டானுங்க அக்கா. இல்லைன்னா போனை வெச்சுப்போடுவான். ஆமான்னு சொல்லிப்போட்டேன்” என்றாள். அதற்கு எதற்கு நாலு மணி நேரம் என்றேன். “ரெண்டு வெரலை எடுக்கோணுமா என்னன்னு டாக்டரு பாத்துட்டிருக்கறாரு, மறுக்கா கூப்படறேன்னான். அந்தச் சேதியோட உங்க ஊட்டு வாசப்படி ஏற முடியுங்களா?” என்றாள். விரல் தப்பியது என்று மறுபடி போன் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம், சோறு வைக்கவில்லையாம். பிறகு, “பேரு உங்களுதுதானுங்க. எடுத்துப்போடுங்க. நம்பரை மட்டும் எடுத்துப்போடாதீங்க அக்கா” என்றாள்.

பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். பாதி இருக்கிறது. ஆனால் நம்பர் இருக்கட்டும் ஆசிப், பேர் மட்டும் என்னுடையது. ஆசிபின் அம்மா பேசுகிறேன், என்னிடமே சொல்லுங்கள் என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று அவளிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.