புகை வராத வீடு

அன்புள்ளவருக்கு,

நீங்கள் கோபத்தோடு லிலாங்வே பஸ் ஏறிய பிறகு நான் அடுப்பு மூட்டவில்லை. ரொட்டி போதுமென்றிருந்தது. என் பெட்டியையும் கட்டிவிட்டேன்.

இன்று காலை நம் சபைப் பெண்கள் தலையில் விறகும் சோளமாவுமாக வந்து, வாசலில் பேசாமல் உட்கார்ந்தார்கள். இந்த ஊரில் சாவு வீட்டுக்குத்தான் அப்படி வருவார்கள். பதறிப்போய், "இங்க யாரும் சாகலையே" என்றேன்.

பக்கத்து வீட்டு நபாண்டா எழுந்தாள். "புகை வராத வீட்டுல என்ன ஆச்சுன்னு நாங்க கேக்கறதில்லம்மா. தள்ளிக்க. நீ மூட்டினா பொழுது சாஞ்சிரும்."

சிரித்தேன், பிறகு அழுதேன். இத்தனை வருட ஊழியத்தில் ஆறுதலைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். அது விறகு சுமந்து வருவதை இன்றுதான் கண்டேன்.

பெட்டியை அவிழ்த்துவிட்டேன். நம் வீட்டுப் புகை பஸ் நிற்கும் இடம்வரை தெரிகிறதாம்.

உங்கள் மனைவி