தீப வாரத்தில் எடுத்த கணக்கு

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன் பாய். அதற்கு ஒரே சாட்சி நீதான். நீயும் போய்விட்டாய்.

இன்று காலை செங்கம் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கார்த்திகை தீபம் முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. தெருவில் இன்னும் எரிந்த நெய் வாசனை. கையில் போனோடு ஒரு பெண் வந்தாள். வேலை பற்றிய கணக்கெடுப்பாம். பக்கத்திலிருந்த என் தங்கை பேரனைக் கேட்டாள்: "போன ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?"

"வேன்ல ஆள் ஏத்திவுட்டேன் மேடம். தீபத்தப்போ."

"அப்போ வேலையில இருக்கீங்க," என்று போனில் தட்டிக்கொண்டு போய்விட்டாள். மற்ற நாளெல்லாம் அவன் எங்கள் வீட்டு டிவிக்குக் காவல் இருப்பவன்.

எழுபதுகளின் கடைசியில் இதே கேள்வியைத் தோல்பையில் போட்டுக்கொண்டு அலைந்தவன் நீ. பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, வருஷக்கணக்காக உன் அத்தாவின் துணிக்கடையில் சும்மா நின்ற உனக்கு முதலில் கிடைத்த சர்க்கார் வேலை. தற்காலிகம்தான். "ஒழுங்கா முடிச்சா நிரந்தரம் பண்ணுவாங்க மச்சான்" என்பாய், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட என்னைத் துணைக்குக் கூப்பிட்டாய். நல்ல தேர்வுதான். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் எந்தப் பையன் எந்த மரத்தடியில் தூங்குவான் என்பது கலெக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நாம் போனதும் தீபம் முடிந்த கையோடு. ஒருத்தன் கற்பூரம் விற்றிருந்தான், ஒருத்தன் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருந்தான். நான் ராஜகோபுர வாசலில் செருப்பு காத்தேன். தமிழ்நாடே கழற்றிப் போட்டும் ஒரு ஜோடி மாறவில்லை. எல்லாரையும்போல என்னையும் 'வேலையில் உள்ளவர்' என்று எழுதினாய். என் அப்பாகூட என்னை அப்படிச் சொன்னதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நீ அப்படி நடக்கவில்லை. வழியில் ஒரு மதகின்மேல் உட்கார்ந்துவிட்டாய்.

"மச்சான், இந்த ஊர்ல வேலையில்லாத பையனே இல்லைனு ஆயிடுச்சு."

"கொஞ்ச நாள் பொறுத்து வா பாய். அத்தினி பேரும் சீட்டாடிட்டு இருப்பானுங்க."

"ரூல் அப்படி இல்லயே. குடுத்த வாரத்துல போயி, அதுக்கு முந்தின ஏழு நாளைத்தான் கேக்கணும்."

"அப்போ எழுதிக் குடுத்துட்டுப் போ. இவனுங்களுக்காக உன் வேலையை உட்டுடுவியா?"

தோல்பையைத் திறந்து தாள்களை வெளியே எடுத்தாய். பிறகு, "இத்தினி வருஷம் நானும் இப்படித்தான மச்சான் இருந்தேன்," என்றாய்.

கடைசித் தாளில் 'இது திருவிழா வாரம், மறுபடி எண்ண வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். ஆபீசுக்கு நானும் வந்தேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"திருவிழா எந்த ஊர்லய்யா இல்ல? இந்த வரியை அடிச்சிட்டுக் குடு."

"நான் எழுதினதுல ஒண்ணுகூட பொய் இல்ல சார். ஆனா சேர்த்துப் பார்த்தா பொய்யா இருக்கு."

நீ அடிக்கவில்லை. அடுத்த சுற்றுக்கு அவர்கள் உன்னைக் கூப்பிடவுமில்லை.

"பாரு பாய், நம்ம பேரப்பசங்க காலத்துலயும் இதே வாரத்துல வந்து இதையேதான் கேப்பானுங்க," என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னேன். சிரித்தாய். அந்த மார்கழியில் வேறு ஆட்களை அனுப்பி மறுபடி எண்ணினார்கள். பாதிப் பேருக்குமேல் வேலையில்லை. நீ சொன்னதே சரியென்று ஆனது. அதற்குள் உனக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எண்பதுகள் முழுக்க குவைத்தில் யாரோ ஒருவருடைய கிடங்கில் பெட்டிகளை எண்ணினாய். நரைத்த தலையோடு திரும்பி வந்தாய்.

போன மாதம் உன்னை அடக்கம் செய்துவிட்டு வரும்போது உன் மகன் கேட்டான்: "அத்தாவுக்கு ஏன் மாமா சர்க்கார் வேலை நிக்கல?" எல்லாவற்றையும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்போ அத்தா ஜெயிச்சிட்டாரா மாமா?"

"ஜெயிச்சிட்டாருடா."

உன் பேச்சில் எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். யார் எந்தக் கணக்கைச் சொன்னாலும், சேர்த்துப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். உன் மகனிடம் சொன்னதையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். அந்த மார்கழியில் மறுபடி எண்ண யாரும் வரவில்லை பாய். அது மட்டும் நானாகச் சொன்னது.