பஞ்சாயத்தில் நான் இரண்டு பேர்

ஏப்ரல் 8, புதன்

வெயில். ஃபேன் சுற்றுவது சூட்டை எல்லா மூலைக்கும் பங்கு வைக்க மட்டும். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து ரெண்டு வாரம். திவ்யா பெங்களூரில் சித்தி வீட்டில். போனவள் போனவள்தான், ஸ்டேட்டஸில் மட்டும் உயிரோடு இருக்கிறாள். அம்மா விடியும்முன் மாரண்டஹள்ளி மண்டிக்கு, தக்காளி தரம் பிரிக்க. அப்பா ஓசூர் கம்பெனியில், மாதத்துக்கு ரெண்டு ஞாயிறு தரிசனம்.

இன்று என்னோடு பேசியவர்கள்:
அம்மா. ஐந்து வாக்கியம். மூன்று "சாப்ட்டியா".
சிலிண்டர் போடும் அண்ணன். "புக்கு எங்க பாப்பா?"
நான். என்னோடு. 61 மெசேஜ்.

கடைசி வரி பைத்தியம் மாதிரி இருக்கிறது. எழுதி வைக்கிறேன், பிறகு நானே மறந்துவிடக் கூடாது. டெலிகிராமில் 'கணினிக் கச்சேரி' என்று ஒரு குழு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்கள் இருநூறு சொச்சம். எந்த ஃபோன் நல்லது, எந்த ஆப் குப்பை, கோடிங் கற்றால் சோறு உண்டா, இதே சண்டை நாள் முழுக்க. அட்மின் மதி அண்ணன், அதியமான்கோட்டையில் லேப்டாப் சர்வீஸ் கடை. அந்தக் குழுவில் எனக்கு மூன்று கணக்கு.

1. பெருமாள்-99. தமிழ்99 கீபோர்டு பக்தர். தமிழுக்குத் தமிழ் எழுத்தைத்தான் அழுத்த வேண்டும் என்பவர். வயது நாற்பது இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். (அம்மா நம்பர்.)
2. தங்கிலீஷ் தங்கராசு. amma என்று அடித்தால் அம்மா வரும்போது எதற்குப் புதிதாகப் படிக்க வேண்டும் என்பவர். வாய் நீளம். (அப்பாவின் பழைய சிம்.)
3. கவிதா. அது நான்.

இனி பெ., த. நோட்டில் இடம் கம்மி.

ஏப்ரல் 9, வியாழன்

தோசை மாவு புளித்துவிட்டது. அதையே ஊற்றினேன். புளிப்பு தோசை, புளித்த நாள்.

ஏன் மூன்று கணக்கு? அக்டோபரில் கவிதா என்ற பெயரிலேயே ஒரு சந்தேகம் கேட்டேன். பள்ளி லேபில் எழுதிய பைத்தான் புரோகிராம் ஃபோனில் ஏன் ஓடவில்லை என்று. (வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. என் கணினி அறிவு மொத்தமும் ஆறு அங்குலத் திரையில்தான்.) குழுவில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. தனியாக நான்கு பேர் வந்தார்கள். "hi". "hi ma". "எந்த ஊர்". "சாப்டாச்சா". மறுநாள் பெருமாள் என்று பெயர் வைத்து அதே கேள்வி, ஒரு எழுத்து மாற்றாமல். பத்து நிமிடத்தில் ஏழு பதில். ஒருவர் படம் வரைந்து விளக்கினார்.

அன்று பிறந்தவர் பெ. பிறகு அவருக்குப் போர் அடித்தது, சண்டை போட ஆள் வேண்டுமே என்று த.வைப் பெற்றேன். தலைப்பிரசவமும் ரெண்டாவதும் ஒரே மாதத்தில்.

குழுவில் சொந்தப் பெயரில் பேசுகிற பெண் ஒருத்திதான், செல்வி அக்கா. பாலக்கோட்டில் மனு டைப் அடிக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை. பையன் நாலாவது படிக்கிறான். பழைய மனு ஃபைலைப் புது கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாக வருகிறது என்று ஒரு நாள் கேட்டது. வழக்கம் போல் மௌனம். பெ. தனியாகப் போய், அது பழைய எழுத்துரு, யூனிகோடுக்கு மாற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். அதிலிருந்து தினம் ஒரு சந்தேகம். இன்று சாயங்காலம் எழுதியது:

"பெருமாள் சார், தப்பா நெனைக்காதீங்க. இந்த குரூப்புல நீங்க ஒருத்தர்தான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றீங்க. எந்த ஊரு, வூட்டுக்காரர் என்ன பண்றாருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஆம்பளைங்கள்ல இப்படியும் இருக்காங்கன்னு எங்க ஓனரம்மாகிட்ட கூட சொன்னேன்."

பெ. பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் போட்டார். நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

கரண்ட் இல்லை, 9 டு 2. சார்ஜ் 34.

இன்றைய போர், சுருக்கமாக.
த.: "தமிழ்99 கத்துக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்."
பெ.: "ஆகட்டும். பத்திரிகைல பேரு Thangarasu-ன்னு அடிச்சு தடங்கராசுன்னு வரட்டும்."
த.: "99னு பேரு வச்சவரே, அந்த இன்னொரு மார்க் எங்க போச்சு?"
பெ.: "உங்களுக்கு கிரேஸ் மார்க்கா போட்டுட்டேன்."

நாற்பது சிரிப்புப் படம். ரெண்டு கட்சி சேர்ந்துவிட்டது. ஒரு ஆள் த. பக்கம் நின்று பெ.வைக் கிழம் என்றார். எனக்கே கோபம் வந்தது. கிழத்துக்கு வயது பதினேழு.

கூத்து ரொம்ப நன்றாகப் போய்விட்டது, அதுதான் வினை. குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ரெண்டு பேர் விடாமல் மூன்று நாளுக்கு மேல் சண்டை போட்டால் ஞாயிறு பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து. வாய்ஸ் சாட். ரெண்டு பேரும் மைக் போட்டுச் சொந்த வாயால் வாதாட வேண்டும். கடைசியில் ஓட்டு. தோற்றவர் ஒரு வாரம் ஜெயித்தவர் கீபோர்டில்தான் அடிக்க வேண்டும்.

மதி அண்ணன்: "பெருமாள் சார், தங்கராசு தம்பி, ரெண்டு பேரும் வந்தே ஆகணுங்க. வரலைன்னா ஐடி தூக்கிருவேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு."

சட்டம் ஒண்ணு. ஆள் ரெண்டு. வாய் ஒண்ணு.

ஏப்ரல் 11, சனி

ஒத்திகை. குரலைத் தடிப்பாக்கும் ஆப் இறக்கினேன். பெ. அதில் பேசினால் குடத்துக்குள் இருந்து ஆவி பேசுவது போல. பரவாயில்லை, ஆவிக்கும் வயதாகும். த.வுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சளிங்க". ஃபோன் என்னுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விசில் மாதிரி கத்துகிறது. ஒன்று கட்டில் மேல், இன்னொன்று சமையலறையில். நடுவில் ஓட்டம். ஒன்பது அடி.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றது. "ஏ புள்ள, யார்கிட்ட மூக்கடச்சுப் பேசிட்டு ஓடற?"
"விளையாட்டும்மா."
"தனியாவா?"

மத்தியானம் செல்வி அக்கா மெசேஜ்: "சார், நாளைக்கு உங்க பக்கம் நானும் மைக்குல பேசறேன். இதுவரைக்கும் பேசுனதில்ல. நீங்க இருக்கீங்கன்னு தைரியம்."

இதைப் படித்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். த.வுக்கு டெங்கு என்று சொல்லியிருக்கலாம். பெ.வை வத்தல்மலைக்கு அனுப்பி சிக்னல் இல்லை என்றிருக்கலாம். இருபது சாக்கு தோன்றியது, ஒன்றையும் அனுப்பவில்லை. காரணம் அசிங்கமானது. பதினோரு மணிக்கு அறுபது எழுபது பேர் நான் பேசுவதைக் கேட்கக் காத்திருப்பார்கள். போன வாரம் முழுக்க என் குரலை நானே சரியாகக் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

நடந்ததை அப்படியே.

10.58, 73 பேர். அப்பா இந்த வாரம் வரவில்லை, நல்லது. அம்மா வாசலில் துணி ஊற வைத்துக்கொண்டிருந்தது.

மதி அண்ணன் தலைமையுரை. பிறகு செல்வி அக்கா. குரல் சன்னம், நடுக்கம். ஆனால் நன்றாகப் பேசியது: "நான் ஒரு நாளைக்கு நாப்பது மனு அடிக்கறேங்க. விதவை உதவித்தொகை, பட்டா. பேருல ஒரு எழுத்து தப்பானா அந்தம்மா மறுபடி பஸ் ஏறி வரணும். தங்கிலீஷ்ல அடிச்சா அதா ஒரு பேரு போடுது. 99ல நான் அடிச்சது மட்டும்தான் வருது." நான் ஆறு மாதம் சண்டை போட்டு இப்படி ஒரு வாதம் எனக்குத் தோன்றியதே இல்லை.

பெ. பேசினார், கட்டிலில். த. பேசினார், சமையலறையில். ஓட்டம். பெ. பதில். ஓட்டம். "தங்கராசு தம்பிக்கு மூச்சு வாங்குது, உண்மை சுடுது போல" என்று யாரோ சொல்லச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், நல்லவேளை மைக் அணைந்திருந்தது. சந்தோஷமாக இருந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

11.20. அந்த அவசரத்தில் ரெண்டு மைக்கையும் திறந்தபடி விட்டுவிட்டேன் போல. வாசலில் இருந்து அம்மா, ஊருக்கே கேட்கிற மாதிரி:

"ஏ கவீ! தண்ணி வுட்டுட்டாங்க! கொடத்த எடுத்தாடி!"

பெ. ஃபோனில் ஒரு தடவை போயிற்று. அரை நொடி கழித்து த. ஃபோனில், அதே அம்மா, அதே குடம்.

யாரோ ஒருவர்: "பெருமாள் சார் வூட்லயும் தங்கராசு வூட்லயும் ஒரே அம்மாவா?"
இன்னொருவர்: "ரெண்டு வூட்லயும் ஒரே கவி."
மதி அண்ணன்: "சார்? பெருமாள் சார்? கொஞ்சம் ஆப் இல்லாம பேசுங்க பாப்போம்."

நான் ரெண்டு ஃபோனையும் அணைத்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஆறு குடம் பிடித்தேன். அம்மா, "என்னாடி முகம் இப்படி இருக்குது?" என்றது. வெயில் என்றேன்.

ஏப்ரல் 13, திங்கள்

பெ., த. ரெண்டு பேரையும் தூக்கிவிட்டார்கள். கவிதாவைத் தூக்கவில்லை. கவிதா என்று ஒருத்தி இருப்பது யாருக்கும் நினைவில் இல்லை. பெயர் கவி என்று எழுபத்து மூன்று பேர் காதால் கேட்டும் உறுப்பினர் பட்டியலை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. அதனால் என்னைப் பற்றி என்னென்ன சொல்கிறார்கள் என்று உள்ளே உட்கார்ந்து படிக்க முடிகிறது.

"ஏதோ பையன் பண்ண வேலை. தங்கச்சி பேரு கவி."
"மூளக்காரன்டா."
"ஆறு மாசமா ஏமாந்தோமே."
"ஏய், நீ யாரோட ஐடி? முதல்ல அதச் சொல்லு."

இப்போது எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்படுகிறார்கள். ஆதார் கார்டு அனுப்பச் சொல்லி ஒரு ஆள். கீபோர்டு சண்டையை யாரும் பேசுவதில்லை. ஓட்டும் எடுக்கவில்லை.

செல்வி அக்கா குழுவில் ஒன்றும் எழுதவில்லை. பெ. கணக்குக்குத் தனியாக, காலை 8.10:

"நேத்து எங்க ஓனரம்மா பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தாங்க. நான்தான் ஸ்பீக்கர்ல போட்டேன். சிரிச்சாங்க. நீ யாரா இருந்தாலும் சரி, என்னை வச்சு விளையாடுனியா?"

"சார்" போய்விட்டது. "ங்க"வும் போய்விட்டது.

நான்கு தடவை எழுதி அழித்தேன். ஒன்றில் ஜோக் வந்துவிட்டது, அதை முதலில் அழித்தேன். அனுப்பியது:

"அக்கா, நான் கவிதா. ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன். மாரண்டஹள்ளி பக்கம். தங்கராசு விளையாட்டு. உங்ககிட்ட பெருமாள் சொன்னது எதுவும் விளையாட்டு இல்ல. பொம்பள பேருல கேட்டா யாரும் பதில் சொல்லல, அதான் ஆம்பள பேரு வச்சேன். மன்னிச்சிருங்க."

ரெண்டு டிக். படித்துவிட்டது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. பாயசம். அப்பா வீடியோ காலில், பின்னால் மிஷின் சத்தம். "லீவு நாள்ல என்ன பண்ற?" "சும்மா." "சும்மா இருக்கறதும் கஷ்டந்தாம்மா." அப்பா சில சமயம் சரியாகச் சொல்லிவிடுகிறது.

திவ்யாவுக்கு முழுக் கதையும் அனுப்பினேன். மூன்று சிரிப்பு பொம்மை வந்தது. சிரிக்க வேண்டிய இடம்தான். நானே சிரிப்பாகத்தான் எழுதியிருந்தேன்.

செல்வி அக்கா: இல்லை.

வாய் ஓயாமல் இருந்த ரெண்டு பேர் போன பிறகு வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது. இதை யாரிடம் சொன்னால் புரியும்?

ஏப்ரல் 15, புதன்

இல்லை.

மாங்காய் வெட்டி மிளகாய்த்தூள் போட்டுத் தின்றேன். வயிற்று வலி.

ஏப்ரல் 16, வியாழன்

மேகம், மழை வரவில்லை. அம்மா கொண்டு வந்த அடிபட்ட தக்காளியைத் தொக்குக்கு வதக்கிக்கொண்டிருந்தேன். 3.40க்குக் குழுவில் செல்வி அக்கா, நாலு நாள் கழித்து:

"பழைய மனுவ மாத்துனா கொ, மொ எல்லாம் ஒடஞ்சு வருது. கொம்பு மட்டும் தனியா முன்னாடி போய் நிக்குது. யாருக்காவது தெரியுமா? அவசரம்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. இருநூறு பேரும் யார் போலி ஐடி என்று தேடுவதில் மும்முரம். ஐந்து நிமிடம். பத்து. அடுப்பை அணைத்தேன். பெ. இல்லை, த. இல்லை. கவிதா என்ற பெயரில் அக்டோபருக்குப் பிறகு ஒரு எழுத்து போட்டதில்லை. இப்போது இந்தப் பெயரில் பேசினால் ஞாயிற்றுக்கிழமைக் கவி யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அடித்தேன். "மாத்தற இடத்துல பழைய ஃபாண்ட் பேரைத் தப்பா குடுத்திருப்பீங்கக்கா. சரியான பேரைக் குடுத்தா கொம்பு அது எடத்துக்கு வந்துரும்."

உடனே மதி அண்ணன்: "கவிதாவா? கவீ? கொடம் எடுத்தாச்சாம்மா?" சிரிப்புப் படங்கள் கொட்டின. தனியாக ரெண்டு "hi" வந்துவிட்டது. ஒருவர் "உன்னை நீக்கணும்" என்றார். மதி அண்ணன், "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம், இருக்கட்டும்" என்றார்.

காது வரை சூடு. இருந்தேன். வெளியேறவில்லை.

4.25. செல்வி அக்கா, குழுவில் இல்லை, தனியாக, கவிதாவுக்கு:

"இதுல நாலு ஃபாண்டு பேரு காட்டுது. எதுன்னு நீயே பாத்துச் சொல்லு."

கூடவே ஒரு படம். மானிட்டரை ஃபோனில் பிடித்தது. குறுக்கே கோடு கோடாக, ஓரத்தில் அக்காவின் விரல். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பேரும் தெரியவில்லை.

தெளிவா இல்லக்கா, இன்னொரு தடவ எடுத்து அனுப்புங்க என்று அடித்தேன்.