கண்ணாடியை உடைத்தது கூரைதான்

அனுப்புநர்:
உ. மகேஸ்வரி, தட்டச்சர்,
ஊழியர் குடியிருப்பு எண் 7, மேல்மாடி,
ஜாதவ்பூர், கொல்கத்தா.

பெறுநர்:
உயர்திரு ஸ்ரீனிவாசராகவன் அவர்கள்,
செயற்பொறியாளர், குடியிருப்புப் பராமரிப்புப் பிரிவு,
கொல்கத்தா.

பொருள்: படுக்கையறைக் கூரை விரிசல் ஆபத்தானதா என்று தாங்களே வந்து பார்த்துச் சொல்லக் கோருவதும், கண்ணாடியை உடைத்தேன் என்ற குற்றச்சாட்டை மறுப்பதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆங்கிலத்தில் மூன்று மனு கொடுத்தேன். மூன்றுக்கும் பதிவு எண் கிடைத்தது; முடிவு கிடைக்கவில்லை. "தமிழில் எழுதுங்கள், நானே படிப்பேன்" என்று பொங்கல் விழா மேடையில் தாங்கள் சொன்னீர்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

1. என் படுக்கையறைக் கூரையில் இரும்பு உத்திரத்தை ஒட்டிச் சுவருக்குச் சுவர் விரிசல் ஓடுகிறது. ஜூனில் வந்த ஓவர்சியர் அண்ணாந்து பார்த்து, "கிச்சு ஹோபே நா, மாஷிமா" என்றார். ஒன்றும் ஆகாதாம். சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் தோளிலேயே காரை உதிர்ந்தது. தட்டிவிட்டுக்கொண்டு டீ கேட்டார்.

2. என் நச்சரிப்புத் தாங்காமல் ஜூலையில் ஏணியோடு வந்து, விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினார். மூன்று மாதம் உடையாமல் இருந்தால் வெறும் பூச்சு விரிசல், உடைந்தால் கூரையே நகர்கிறது என்று விளக்கமும் சொன்னார். பத்தொன்பதாம் நாள் கண்ணாடி இரண்டாக உடைந்தது.

3. உடனே தெரிவித்தேன். பார்க்க ஆள் வரவில்லை; அலுவலகச் சொத்தை உடைத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. ஐயா, கூரை பதினோரடி உயரம். நான் நாலடி பத்தங்குலம். போதாக்குறைக்கு, அந்த மெமோவைத் தட்டச்சு செய்ததும் நானேதான். ஒரு பிழையில்லாமல் அடித்துக் கொடுத்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

4. இப்போது துர்கா பூஜைக்கு முன் வெள்ளையடிக்க ஆள் வருவதாக அறிவிப்பு. போன வருடமும் விரிசல்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு பார்வையிட வந்தவர், விரிசலே இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

5. வீம்புக்கு எழுதவில்லை. என் மகள் பூர்ணிமா தலைப்பிரசவத்துக்கு அக்டோபர் 7 அன்று வருகிறாள். இருப்பது அந்த ஒரே அறை. கட்டிலை நகர்த்த இடமில்லை. அவளையும் பிள்ளையையும் அந்த விரிசலின் கீழே படுக்க வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஆகவே, வெள்ளையடிப்பவர்களுக்கு முன்பாகத் தாங்கள் வர வேண்டும். ஆபத்து என்றால், செப்பனிடும்வரை வேறு வீடு தர வேண்டும். ஆபத்தில்லை என்பது தங்கள் முடிவானால், அந்தக் கட்டிலில் கால் மணி நேரம் மல்லாந்து படுத்திருந்துவிட்டு அதைச் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தலையணைக்குப் புது உறை போட்டு வைத்திருக்கிறேன்.

இடம்: கொல்கத்தா
நாள்: 24.09.2001

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
உ. மகேஸ்வரி