ரெண்டு முக்கோணமும் ஒரு சொட்டும்

ஆகஸ்ட் 19
நீலம் காயவே மாட்டேன் என்கிறது. கல்கத்தா மழையில் எதுதான் காயும்?

மதியம் எங்கள் தெரு கிளப் செயலாளர் போம்பல்தா வந்தார். இந்த வருஷம் பூஜைக்கு துர்கையை நான் செய்ய வேண்டுமாம். "எதிர்த்தெருக்காரன் போன வருஷம் பந்தல் பரிசைத் தட்டிட்டுப் போயிட்டான், சுலேகா தீதி. யாருக்குமே புரியாத மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்க!"

என் ஓவியத்தைப் பற்றி இவ்வளவு சரியாக இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரே நிபந்தனை போட்டேன்: கண், மூக்கு, வாய் கிடையாது. இருபது வருஷமாக நான் எதையும் எதைப் போலவும் வரைந்ததில்லை. ஒரு கண் வரைந்தேன் என்றால் அன்றைக்கே நான் காலண்டர் படம் போடுகிறவள்.

செப்டம்பர் 14
பந்தலில் நிறுத்தியாயிற்று. ஆளுயரப் பலகை. மேலே சிவப்பு முக்கோணம், கீழே நீல முக்கோணம், பத்து வெள்ளைக் கோடுகள். சிவப்பில் ஓரிடத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அங்கே வெளுக்கணும், அவ்வளவுதான்.

அதற்கு ஒரு சாண் மேலே ஒரு சொட்டு அடர்சிவப்பு விழுந்துவிட்டது. துடைக்க வேண்டும்.

செப்டம்பர் 20
மிட்டாய்க்கடை ஹாபுல்பாபு கரைவேட்டியோடு வந்தார். வருஷா வருஷம் அசுரனுக்கு வேட்டி கட்டுவது அவர் குடும்பத்து உரிமை.

"அசுரன் எங்கேம்மா?"

"ரெண்டு முக்கோணத்துக்கும் நடுவுல ஒரு வெற்றிடம் இருக்கே, அதுதான்."

"வெற்றிடத்துக்கு எப்படி வேட்டி கட்டுறது? ஒரு இடுப்பாவது குடும்மா!"

சண்டை முற்றியது. கடைசியில் போம்பல்தா நீல முக்கோணத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

செப்டம்பர் 22
அந்த நீலம் இப்போது எனக்கே ஆம்பளையாகத் தெரிகிறது. சே!

செப்டம்பர் 27
நாளை மஹாளயம், தேவிக்குக் கண் திறக்கிற நாள். "கண்ணே இல்லாதவளுக்கு நான் பூஜை பண்ண மாட்டேன்" என்று புரோகிதர் சக்கோத்தி மஷாய் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த நேரத்தில் வேறு புரோகிதருக்கு எங்கே போவது? பூஜை நின்றால் தெருவே என்னைக் காறித் துப்பும். போம்பல்தா அழாத குறை. "ரெண்டு புள்ளிதானே தீதி, வச்சுட்டுப் போங்களேன்."

ரெண்டு புள்ளியா? அது என் இருபது வருஷம்யா! முடியாதுன்னா முடியாது.

செப்டம்பர் 28
பலகையில் ஏற்கெனவே இருப்பதில் கண் எது என்று முடிவு செய்ய கமிட்டி கூடியது. கை தூக்கி ஓட்டு! சக்கோத்தியையும் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகைக்குக் கிட்டே போனார். சட்டென்று கைகூப்பினார்.

"நெற்றிக்கண்! இதோ இருக்கே!"

என் சொட்டு.

"அது தவறிப்போய் விழுந்தது, மஷாய்!"

"விழ வச்சவ அவதான்."

"அப்போ மத்த ரெண்டு கண்ணு?"

"மூடிட்டிருக்கா. உன் படத்தைப் பார்க்கணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து?"

தெருவே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் துணியும் கையுமாகத் துடைக்கப் போனேன். சொட்டுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 6
அஷ்டமி. பரிசு இந்த வருஷமும் எதிர்த்தெருவுக்குத்தான். எல்லோரும் சொட்டைப் பார்த்தே பூப்போடுகிறார்கள். நான் பார்க்கவில்லை.

பார்த்தேன். ஒரே ஒரு தடவை.

அக்டோபர் 8
விஜயதசமி. ஆற்றில் விடுவதற்கு முன்னால் பெண்கள் அவள் முகத்தை வெற்றிலையால் துடைத்து, செந்தூரம் வைத்து, வாயில் இனிப்பு ஊட்டி அனுப்ப வேண்டும். வரிசையில் முதலில் நின்றவள் சந்தேஷ் இனிப்போடு திரும்பிப் பார்த்தாள்.

"வாய் எங்கே, தீதி?"

"வாய் கிடையாது. இது வெறும் வடிவம்."

"அம்மா வீட்டுக்கு வந்துட்டு புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போறவளைப் பட்டினியாவா அனுப்புறது? நல்லா இருக்கே!"

அப்புறம் ஆளுக்கொரு இடம். முக்கோணத்தின் முனையில் ஒன்று, கோட்டின் நுனியில் ஒன்று, அசுரன் வேட்டிமேல்கூட ஒன்று. எறும்பு வந்துவிட்டது.

என் முறை. பேருக்கு எங்கேயாவது வைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கை நேராகப் போயிற்று. சொட்டுக்கு ஒரு சாண் கீழே, அந்த வெளுத்த இடத்துக்கு. தேடவில்லை, யோசிக்கவில்லை.

"வாய் அங்கேதான் இருந்துச்சா?" என்றார் போம்பல்தா. "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, தீதி!"

லாரி கிளம்பியபோது "அடுத்த வருஷமும் வாம்மா" என்று கத்தினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது நான்தான்.

அக்டோபர் 9
தொண்டை கட்டியிருக்கிறது. விரலில் செந்தூரம் போகவில்லை. புதுப் பலகைக்கு வெள்ளை பூசிவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சாப்பிட்டாளோ என்னவோ.