மூன்றாம் ஆழம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முப்பத்தொரு கட்டைகள். நான் பதினேழு, ஊசி பதினான்கு. ஊசி என்பது என் பக்கத்து மேசைக்காரிக்கு நான் வைத்த பெயர். ஆளும் அப்படி, வாயும் அப்படி. நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளை மெழுகுக் கட்டையில் புதைத்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போட்டு மேடத்திடம் அனுப்புவது எங்கள் வேலை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து புற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்வது மேடத்தின் வேலை. இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிறேன். எங்கள் மேசைக்கு வரும் நோயாளி யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான்.

மத்தியானம் மலத்தில் மறுபடி ரத்தம். நாலு மாதமாக மூலம் மூலம் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டது போதும் என்று மூன்றாவது மாடிக்குக் குடல் டாக்டரிடம் போனேன். அக்காவுக்குக் குடல் புற்று இருந்ததைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். என்ன சொல்வது? வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த புதன்கிழமை எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி இரண்டும். கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எல்லோரும் என்றால் தம்பி மட்டும்தான் மிச்சம்.

மார்ச் 5, வியாழன்

வீட்டில் அவரிடம் சொன்னேன். தான் ஓட்டும் பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமலே நின்றார். தண்ணீர் வாசல் தாண்டித் தெருவுக்கு ஓடியது. நான்தான் போய் மூடினேன்.

தம்பிக்குப் போன் செய்தேன். அவனுக்கும் அவ்வப்போது வயிற்றுவலி உண்டு. சுவருக்கு அடிக்கிற பெயிண்டின் வாடை என்று சொல்லிக்கொள்வான். மேலேயிருந்து ஒரு குழாய், கீழேயிருந்து ஒரு குழாய் விட்டால் நடுவில் இரண்டும் சந்தித்துக் கை குலுக்குமா என்று கேட்டான். திட்டினேன். சிரித்துவிட்டு, சரி என்று முப்பதாம் தேதிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். நான் வற்புறுத்தியதால் மட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

இரும்புச்சத்து மாத்திரை நிறுத்தியாயிற்று. கீரை கூடாது, விதையுள்ள பழம் கூடாது, தோல் கூடாது. வெள்ளை ரொட்டியைத் தின்று தின்று வாயில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. எடை பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

மார்ச் 10, செவ்வாய்

காலையிலிருந்து வடிகட்டிய சூப்பும் பால் இல்லாத டீயும்தான். மாலை ஐந்து மணிக்குக் குடலைக் கழுவும் பொடியைக் கரைத்தேன். இரண்டு லிட்டர். கால் மணிக்கு ஒரு டம்ளர். பாத்திரம் கழுவிய தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி ஒரு ருசி. அவர் கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு நிமிஷம்... ம், குடி" என்கிறார். குதிரைப் பந்தயம் நடத்துகிற மாதிரி. நாலாவது டம்ளரில் எரிந்து விழுந்தேன். "நீங்களே குடிச்சுப் பாருங்களேன்." மனுஷன் உண்மையிலேயே ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். அதற்கப்புறம் கடிகாரத்தைக் காணோம்.

பத்துத் தடவை போயாயிற்று. கழிவறையில் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன். வெளியே வருவது தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டுமாம். தண்ணீர்தான். அதில் சிவப்பும் இருக்கிறது.

வயிற்றில் ஒன்றுமில்லை. பயம் மட்டும் எங்கேயும் போகவில்லை.

மார்ச் 11, புதன்

முடிந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

விடியற்காலை மிச்சப் பொடியையும் குடித்துவிட்டுப் போனேன். பின்பக்கம் திறந்த கவுன். தினமும் கேன்டீனில் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற நர்ஸ்தான் அதைக் கட்டிவிட்டாள். இனி வரிசையில் அவள் முன்னால் எப்படி நிற்பேனோ. தொண்டையில் கசப்பாக எதையோ அடித்தார்கள், நாக்கு மரத்துப்போனது. பல்லுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம். இடது பக்கம் ஒருக்களித்து முழங்காலை மடக்கச் சொன்னார்கள். கையில் ஊசி போட்டதும் விளக்கு மங்கியது.

பாதியில் விழிப்பு வந்துவிட்டது. வலி இல்லை, வயிறு ஊதின மாதிரி ஒரு அழுத்தம். எதிரே திரை. ஈரமான இளஞ்சிவப்புப் பாதை, மடிப்பு மடிப்பாக. என் உள்பக்கம் இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்புறம் ஒரு வளைவில் அது. காம்போடு, கறுத்த சிவப்பில். டாக்டர் மயக்க மருந்தைக் கூட்டச் சொன்னது காதில் விழுந்தது.

மேல் வழியில் புண் மட்டும்தான். கீழே திராட்சை அளவுக்கு ஒரு வளர்ச்சி. கம்பி வளையம் போட்டு வெட்டி எடுத்துவிட்டார்.

"லேபுக்கு அனுப்பிட்டேன். உங்க லேபுதான், கவலைப்படாதீங்க" என்றார்.

மார்ச் 12, வியாழன்

லீவு. சும்மா படுத்துக்கிடந்தேன்.

எங்கள் லேபில் ஒரு விதி. ஒவ்வொரு கட்டையையும் மூன்று ஆழத்தில் வெட்ட வேண்டும். மேலாக ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. மேலே ஒன்றும் இல்லாத சதைக்கு அடியில் இருக்கலாம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டை, முதல் இரண்டு ஆழமும் சுத்தம், மூன்றாவதில் இருந்தது. வெட்டியவள் நான். அது அக்காவுடையது என்று ரிப்போர்ட் வீட்டுக்கு வந்த அன்றுதான் எனக்குத் தெரியும். பதினோரு மாதம் இருந்தாள்.

மார்ச் 13, வெள்ளி

வேலைக்குப் போனேன். ஊசிக்குப் பல்வலி, அரை நாள் லீவு. தட்டில் ஒன்பது கட்டைகள். ஐந்தாவது என் எண். லேபுக்கு வந்த விண்ணப்பத்தில் பார்த்திருந்தேன்.

வெட்டினேன். முதல் ஆழம். தண்ணீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏற்றினேன். கை நன்றாகத்தான் ஓடியது. அடுத்த ஆழத்துக்கு இறங்க இயந்திரத்தின் பிடியை இருபது சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. அதே இடத்திலேயே இன்னும் இரண்டு சீவல் எடுத்து, ஸ்லைடில் 2 என்றும் 3 என்றும் எழுதினேன். கட்டையை அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஏன்? யாராவது கேட்டால் என்ன சொல்லுவேன்? பயம். வேற என்னத்தச் சொல்ல? பயந்துட்டேன்.

மார்ச் 16, திங்கள்

ரிப்போர்ட் வந்துவிட்டது. வளர்ச்சிதான், புற்று இல்லை, ஒரு வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். மேடமே மேசைக்கு வந்து என் தோளைத் தட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

வீட்டில் அவர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, முகம் கழுவப் போகிறேன் என்று போனார். ரொம்ப நேரம் கழுவினார். கண் சிவந்து வந்து, சாப்பிடலாமா என்றார். நான் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன், அதுதான் அசிங்கம்.

மார்ச் 17, செவ்வாய்

இல்லாமலும் இருக்கலாம். மேலே இல்லையென்றால் அடியிலும் இல்லாமல் இருக்கலாம்தானே.

மார்ச் 19, வியாழன்

இன்று வெட்டிய ஒவ்வொரு கட்டைக்கும் இருபது சுற்று எண்ணி எண்ணிச் சுற்றினேன். யார் யாருக்கோ.

மார்ச் 22, ஞாயிறு

தம்பி வந்தான். இந்த ஒரு வாரத்தில் வீட்டில் நல்ல சிரிப்புச் சத்தம் இன்றுதான். போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, முப்பதாம் தேதியை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னான். அந்த வாரம் பெரிய வீடு ஒன்றுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம்.

"உனக்கே ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சு. உன்னைவிட நான் அஞ்சு வயசு சின்னவன். எனக்கென்னக்கா வரப்போகுது?"

போடா, போய்ப் பார்த்துக்கொள் என்றேன். சத்தம் போட்டேன். அவன் அதைப் பழக்கப்பட்ட திட்டாக எடுத்துக்கொண்டு கையாட்டிவிட்டுப் போய்விட்டான். வயிற்றைத் தடவிக்கொண்டே படியிறங்கினான். நான் பார்த்தேன்.

என்னை நான் ஏமாற்றிக்கொண்டால் அது என் பாடு. இவனையுமா? பாவி. நானெல்லாம் ஒரு அக்காவா?

மார்ச் 24, செவ்வாய்

காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். என் கட்டையை எடுத்துக் குளிரவைத்து, இயந்திரத்தில் மாட்டினேன். இருபது சுற்று. சீவல். இருபது சுற்று. சீவல். சாயம் ஏற முக்கால் மணி ஆனது. உட்காரவே இல்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

படித்துச் சொல்கிற உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற கண். இரண்டாம் ஆழத்தில் சந்தேகம். மூன்றாவதில் சந்தேகமே இல்லை. ஒழுங்காக வட்டம் வட்டமாக இருக்க வேண்டியதெல்லாம் கலைந்து, காம்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

மேடம் வந்ததும் ஐந்து ஸ்லைடையும் மேசையில் வைத்து, செய்ததைச் சொன்னேன். எங்கேயும் நிறுத்தாமல் சொன்னேன். மேடம் திட்டவில்லை. புது ஸ்லைடுகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"மூணும் ஒரே மாதிரி இருக்கேன்னு அன்னைக்கே எனக்குத் தோணுச்சு. நீங்க வெட்டினதாச்சேன்னு விட்டுட்டேன்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

வேறு யாருடையதையாவது இப்படிச் செய்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா, தெரியவில்லை. கடந்த இரண்டு மாதம் நான் வெட்டிய கட்டைகளையெல்லாம் ஊசி மறுபடி வெட்டப் போகிறாள். நான் நாளை முதல் மாதிரிகள் வாங்கிக்கொள்ளும் கவுன்ட்டரில். கத்தியைத் தொடக் கூடாது. சரிதான். என்னிடம் யார் கத்தியைக் கொடுப்பார்கள்?

மார்ச் 25, புதன்

திருத்திய ரிப்போர்ட். புற்று. குடல் டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஏப்ரல் 7 ஆபரேஷன், குடலில் அந்தப் பகுதியையே எடுத்துவிட. பதினோரு நாள் தாமதத்தால் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றார். புற்று எங்கே வரைக்கும் போயிருக்கிறது என்பது வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பதில் எனக்கே அத்துப்படி.

வீட்டுக்கு வந்து அவரிடம் முழுசாகச் சொன்னேன். வேன் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு சிரிச்சுட்டுத் திரிஞ்சேனே."

பிள்ளைகளை ஏற்றும் நேரமாயிற்று என்று எழுந்து போனார். நேரம் இன்னும் ஆகவில்லை.

தம்பிக்கு அவர்தான் போன் செய்தார். ரிப்போர்ட் தப்பாக வந்துவிட்டது, புற்றுதான் என்று மட்டும். எப்படித் தப்பானது என்று அவன் கேட்டதற்கு, லேபில் ஏதோ கோளாறு என்றிருக்கிறார். எனக்காகப் பொய். கேட்காமலே.

மார்ச் 30, திங்கள்

ரத்து செய்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அதே தேதியில் தம்பிக்கு ஆயிற்று. பெயிண்ட் வேலையை வேறொருவனிடம் விட்டுவிட்டான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பொடியைப் பற்றிக்கூட அவன் ஜோக் அடிக்கவில்லை. மூன்று வளர்ச்சிகள், மூன்றையும் எடுத்தாயிற்று.

ஊசி சொன்னாள், அவனுடைய கட்டைகள் அவளிடம்தான் வரப்போகின்றன என்று. அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊசி மாதிரி இல்லாமல் மெதுவாக, "அடி வரைக்கும் போயிடுறேன்" என்றாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

தம்பிக்குப் புற்று இல்லை. மூன்றில் ஒன்று அதன் வாசலில் நின்றிருக்கிறது. ஒரு வருடம் விட்டிருந்தால் உள்ளே போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

கவுன்ட்டருக்குக் கீழே குனிந்து பேனா தேடுகிற மாதிரி அழுதேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பி ஒரு காகிதத்தோடு வந்தான். ஆஸ்பத்திரி மேல் புகார். அவனே எழுதியிருக்கிறான், கோணல் மாணலாக, இரண்டு பக்கம். என் கையெழுத்து வேண்டுமாம். உன் புண்ணியத்தில் நான் பிழைத்தேன், உனக்கு இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன தம்பி என்றான். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

"எவளோ ஒருத்தி ஒழுங்கா வெட்டாம விட்டிருக்கா. உன்னைச் சாகக் குடுத்திருப்பாளேக்கா. என்னையும்தான். அவளைச் சும்மா விடவே கூடாது."

பேசாமல் இருந்திருக்கலாம். கையெழுத்தெல்லாம் வேண்டாம், ஆபரேஷனுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் போட்ட பொய் அப்படியே நின்றிருக்கும்.

"நான்தான்டா அது" என்றேன்.

புரியவில்லை அவனுக்கு. மறுபடி சொன்னேன். எந்தக் கிழமை, எத்தனை சுற்று, என்ன எழுதினேன், எல்லாம். நீ தேதியை ரத்து செய்துவிட்டேன் என்று சொன்ன அன்றுகூட எனக்குத் தெரியும், தெரிந்தேதான் உன்னைப் படியிறங்கவிட்டேன் என்றும் சொன்னேன்.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மெதுவாக எழுந்தான்.

"பெரியக்கா போனப்ப நீதானேக்கா எனக்கு இருந்தே" என்றான்.

போய்விட்டான்.

ஏப்ரல் 6, திங்கள்

மறுபடி அதே பொடி. இந்தத் தடவை யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை. அவர் கழிவறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னும் எழுந்து போகவில்லை.

தம்பி போனை எடுக்கவில்லை. நாலு தடவை.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலை ஆறரை. வார்டில் படுக்கை கொடுத்துவிட்டார்கள். எட்டு மணிக்கு அழைத்துப் போவார்கள். வெட்டி எடுப்பது ஊசியிடம்தான் போகும். அதை நினைக்க நிம்மதியாக இருக்கிறது.

ஒப்புதல் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். கணவரும், இன்னொரு நெருங்கிய உறவும். அவர் போட்டுவிட்டார். இன்னொருவர் யார் என்று நர்ஸ் கேட்டாள். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

வாசலில் தம்பி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. நகத்தில் பெயிண்ட் அப்படியே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நர்ஸிடம் பேனாவை வாங்கி, படிவத்தின் இரண்டு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். என் வீட்டு ஆட்களில் இதுவரை யாரும் அதைப் படித்ததில்லை. படித்துவிட்டு, உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.